பத்தில் எட்டு கிரேன்: ஒரு டிரைலர் ஓட்டுநரின் மனச்சோர்வும் மூளை ஸ்கேனும்

அந்த ஓட்டுநரும் அவருடைய மனைவியும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகக் குடும்ப விவரங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கையும் மருந்தின் அளவையும் தொடவில்லை.

2023 ஆகஸ்டில் ஒரு மாலை, தண்டையார்பேட்டையில் நான் உட்காரும் சின்ன கிளினிக்குக்கு மனைவி அவரைக் கூட்டி வந்தார். வயது 47. இருபத்திரண்டு வருடமாக டிரைலர் ஓட்டுகிறார். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகளை இந்தப் பக்கம் வந்தவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். துறைமுக கேட்டுக்குள் நுழைய ராத்திரி முழுக்கக் காத்திருந்து, பெட்டியை இறக்கிவிட்டு, விடிந்ததும் மணலிப் பக்கம் யார்டுக்குத் திரும்பும் பிழைப்பு அது. ஏழு வாரமாக அவர் வண்டியில் ஏறவில்லை.

'மனசு சரியில்லை' என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "தலை வெயிட்டா கீது டாக்டரம்மா. நெஞ்சு மேல யாரோ குந்திகினு இருக்கிற மாதிரி. மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது, அப்பால தூக்கமே வரல" என்றார். நெஞ்சுக்காக இரண்டு ஈசிஜி, ஒரு எக்கோ. வயிற்றுக்காக ஒரு எண்டோஸ்கோபி. எல்லாம் நார்மல். ஒவ்வொரு நார்மல் ரிப்போர்ட்டும் அவரை இன்னும் கொஞ்சம் ஒடுக்கியிருந்தது, ஏனென்றால் வீட்டில் அதற்கு அர்த்தம் 'ஒண்ணுமில்லாததுக்கு நடிக்கிறான்' என்பதுதான். அண்ணன் நேராகவே 'சோம்பேறி' என்று சொல்லிவிட்டார். அம்மா செய்வினை என்றார். திருவொற்றியூர் கோயில், ஒரு தர்கா, ராயபுரத்தில் ஒரு மாதா கோயில் என்று மூன்று இடத்துக்கும் அழைத்துப் போயிருக்கிறார்கள். கையில் கயிறு இருந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. அவருக்காக அழுது வேண்டிக்கொள்ள ஆள் இருந்தது என்றே குறித்துக்கொண்டேன்.

மனைவி காசிமேட்டில் காலையில் இட்லிக் கடை போடுகிறார். கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் மகள், பத்தாவது படிக்கும் மகன். மகன் மார்க் ஷீட்டை நீட்டியபோது அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை என்று சொல்லும்போதுதான் அந்த அக்காவுக்குக் குரல் உடைந்தது. அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். ஆறு கிலோ குறைந்திருக்கிறார். வாரத்துக்கு இரண்டு குவார்ட்டர் என்று இருந்த குடி தினசரி ஆகியிருந்தது. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளில் 27-க்கு 19 (மதிப்பெண் கூடக் கூட சோர்வும் அதிகம்). ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சர்க்கரை எதிலும் கோளாறு இல்லை.

சாகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டேன். கேட்டால் எண்ணத்தைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆகாது. அவர்களுக்கு அது பெரும்பாலும் ஆறுதலாகத்தான் இருக்கும். "போய்ச் சேர்ந்துட்டா தேவலாம்னு வருது. செய்யணும்னு இல்ல. புள்ளைங்க கீது" என்றார். திட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் மாத்திரைகள் மனைவி கையில் இருக்கட்டும் என்று சொல்லி, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ மகளின் போனிலும் மனைவியின் போனிலும் பதியச் செய்தேன். குடியை எப்படிக் குறைப்பது என்று தனியாகப் பேசினோம். செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரையை முதல் வாரம் 25 மி.கி., அப்புறம் 50 மி.கி. என்று எழுதிக் கொடுத்தேன்.

அப்போது நான் ஒரு வாக்கியம் சொன்னேன். இந்த நிகழ்வை எழுதக் காரணமே அதுதான். "இது சோம்பேறித்தனம் இல்ல, மூளைல செரட்டோனின்னு ஒரு ரசாயனம் குறைஞ்சிருக்கு, மாத்திரை அதை ஏத்தும்" என்றேன். அண்ணன் பேச்சிலிருந்து அவரைக் காப்பாற்ற வேண்டும் என்ற அவசரத்தில் சொன்னது. வருடக்கணக்காக நான் சொல்லிவந்த வாக்கியம் அது.

அந்தப் படம்

ஐந்து வாரம் கழித்து மூன்று பேர் வந்தார்கள். மகள் கையில் பெரிய பிளாஸ்டிக் கவர். அதற்குள் மூளையின் பெட் ஸ்கேன்: சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். செரட்டோனின் குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதால், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம் என மகள் போனில் தேடியிருக்கிறாள். மனச்சோர்வை ஸ்கேனில் காட்டிவிடுவோம் என்று விளம்பரம் செய்யும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. பெயர் வேண்டாம். அக்காவின் ஒன்றரை சவரன் சங்கிலி அடகுக் கடைக்குப் போய்விட்டது.

முன்மூளைப் பகுதியில் 'லேசாகக் குறைந்த ஏற்பு' என்றும், 'நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும்' என்றும் ரிப்போர்ட்டில் இருந்தது. மகள் நீல நிறத்தில் விரலை வைத்து, "இதுதானே மேடம் செரட்டோனின் இல்லாத இடம்?" என்று கேட்டாள். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. "மூளையே அவ்ளோதான்னு தெரிஞ்சி போச்சி. இனிமே இன்னா பண்றது" என்றார். முதல் நாள் 19 இருந்த மதிப்பெண் அன்றைக்கு 20.

அவர் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2014-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. மனச்சோர்வு வந்து போன கல்லூரி மாணவர்களின் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்து, 'பரிசோதித்துவிட்டோம், உங்கள் சோர்வுக்கு ரசாயனச் சமநிலைக் கோளாறுதான் காரணம்' என்று சிலரிடம் பொய்யாகச் சொன்னார்கள். அதைக் கேட்டவர்களுக்குத் தன்மேல் இருந்த பழியுணர்வு குறையவில்லை. குணமாவோம் என்ற நம்பிக்கைதான் குறைந்தது. அதே சோதனையை நான் தெரியாமல் இந்த வீட்டில் செய்துவிட்டேன் என்று தோன்றியது.

படத்தில் இருந்தது என்ன

முதலில் மகளின் கேள்வி. அந்த நீலம் செரட்டோனின் இல்லை. அது எஃப்டிஜி என்ற தடங்காட்டியை வைத்து எடுத்த படம். எஃப்டிஜி என்பது ஃபுளோரின்-18 ஒட்டிய ஒரு சர்க்கரை. வெறும் வயிற்றில் அதை ஊசியில் ஏற்றினால், எந்தப் பகுதி அதிகம் வேலை செய்கிறதோ அந்தப் பகுதி அதிகம் உறிஞ்சும். ஃபுளோரின்-18 சிதையும்போது பாசிட்ரான் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) வரும். அது பக்கத்தில் உள்ள எலக்ட்ரானைச் சந்தித்து இரண்டும் அழியும். அப்போது இரண்டு காமா கதிர்கள் நேர் எதிர்த் திசையில் பறக்கும். தலையைச் சுற்றியிருக்கும் வளையம் அந்த ஜோடிகளை எண்ணிப் படம் போடுகிறது. புற்றுநோய்க்கு எடுப்பதும் இதே தடங்காட்டியில்தான். மூளையின் சர்க்கரைச் செலவை அது காட்டும். செரட்டோனின் போல நரம்புகளுக்கு இடையே செய்தி கடத்தும் ரசாயனம், அதாவது நரம்புக்கடத்தி, எதையும் காட்டாது. நிறங்களைக்கூடக் கம்ப்யூட்டரில் நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். அளவை மாற்றி வைத்தால் அதே மூளையில் நீலம் கூடும், குறையும்.

நரம்புக்கடத்திகளைப் பார்க்கும் பெட் ஸ்கேன் தனி. ஒரு குறிப்பிட்ட பூட்டில் மட்டும் போய் உட்காரும் சாவி மாதிரி ஒரு மூலக்கூறைச் செய்து, அதில் கதிர்வீசும் அணு ஒன்றைப் பொருத்துவார்கள். 1983 மே மாதம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹென்றி வாக்னர் அப்படி ஒன்றைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டு ஸ்கேனரில் படுத்தார். உயிரோடிருக்கும் மனிதரின் மூளையில், டோபமின் என்ற நரம்புக்கடத்தி வந்து உட்காரும் பூட்டுகள், அதாவது ஏற்பிகள், படமாகத் தெரிந்தன. அதற்கப்புறம் செரட்டோனினுக்கும் சாவிகள் வந்தன. ஒன்று 5-எச்டி1ஏ ஏற்பியில் உட்காரும். இன்னொன்று, டிஏஎஸ்பி, வெளியே வந்த செரட்டோனினைத் திரும்ப உள்ளே இழுக்கும் டிரான்ஸ்போர்ட்டரில் உட்காரும். மூன்றாவது, ஹார்மின், அதைச் சிதைக்கும் எம்ஏஓ-ஏ என்ற நொதியில்.

இவற்றில் பெரும்பாலானவை கார்பன்-11 போட்டவை. அதன் அரை ஆயுள் 20 நிமிடம். அவரிடம் அவர் கணக்கிலேயே சொன்னேன்: காசிமேட்டில் ஏற்றிய சரக்கு எண்ணூர் போய்ச் சேர்வதற்குள் பாதிக்கு மேல் கரைந்துவிடும், டிராபிக் இருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் கதிர்வீசும் அணுவைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரமும் வேதியியல் கூடமும் ஸ்கேனருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தமனி ரத்தத்தைக்கூட அடிக்கடி எடுத்து அளக்க வேண்டியிருக்கும். ஆராய்ச்சிக் கூடங்களில் மட்டும் இது நடப்பதற்கு இதுதான் காரணம். ஃபுளோரின்-18 அப்படி இல்லை, அதன் அரை ஆயுள் 110 நிமிடம், ஊருக்குள் வண்டியில் கொண்டுபோகலாம். விளம்பரத்தில் 'மூளை ரசாயனம்' என்று போட்டிருந்தாலும் கையில் கிடைத்தது சர்க்கரைப் படம் மட்டும்தான்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எந்த பெட் ஸ்கேனும் செரட்டோனினை நேரடியாக எண்ணுவதில்லை. பூட்டுகள் எத்தனை, அவற்றில் எத்தனை ஏற்கெனவே அடைபட்டிருக்கின்றன என்பதை வைத்து ஊகிக்கிறோம், அவ்வளவுதான்.

'குறைஞ்சிருக்கு' என்ற சொல் எங்கிருந்து வந்தது

பேச்சுவாக்கில் அவர், தன் நைனா ஒரு காலத்தில் ஓட்டேரி ஆஸ்பத்திரியில் டிபிக்கு மாதக்கணக்கில் இருந்தவர் என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மனச்சோர்வு மாத்திரைகளின் கதையே டிபி வார்டில்தான் தொடங்குகிறது. 1952-இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் உள்ள ஒரு டிபி ஆஸ்பத்திரியில் ஐப்ரோனியாசிட் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகள் சிலர் எதிர்பாராத அளவுக்கு உற்சாகமாகிவிட்டார்கள். அந்த மருந்து மோனோ அமைன் ஆக்சிடேஸ் (எம்ஏஓ) நொதியைத் தடுக்கிறது, அதனால் செரட்டோனின், நார்அட்ரினலின் போன்றவை சிதையாமல் தங்குகின்றன என்பது தெரியவந்தது.

மறுபக்கத்துக்கான சாட்சி நம் நாட்டிலிருந்து போனது. சர்ப்பகந்தி வேர் ரத்தக் கொதிப்பைக் குறைக்கும் என்று பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். அதிலிருந்து பிரித்த ரெசர்பைன் உலகம் முழுக்கப் பரவியது. அதைச் சாப்பிட்டவர்களில் சிலர் மனம் சோர்ந்து போனார்கள். ரெசர்பைன் மூளையின் அதே ரசாயனக் கையிருப்பைக் காலி செய்யும். ஒன்று ஏற்றினால் உற்சாகம், ஒன்று இறக்கினால் சோர்வு; ஆக, சோர்வு என்றால் குறைவு. 1965-இல் ஷில்ட்கிராட் நார்அட்ரினலினை வைத்தும், 1967-இல் காப்பன் செரட்டோனினை வைத்தும் இந்தக் கருத்தை எழுதினார்கள். அந்தக் காலத்தில் அது நியாயமான ஊகம். தலைவலிக்குப் பாராசிட்டமால் கேட்கிறது என்பதற்காக உடம்பில் பாராசிட்டமால் குறைந்துவிட்டது என்று சொல்வோமா என்ற கேள்வியை மட்டும் நாங்கள் போதுமான அளவு கேட்டுக்கொள்ளவில்லை.

ஸ்கேன் வந்தபோது இந்த ஊகத்தைச் சோதிக்க முடிந்தது. 1999-இல் டிரெவெட்ஸ் குழு, மனச்சோர்வு உள்ளவர்களுக்கு 5-எச்டி1ஏ ஏற்பியின் பிணைப்பு குறைவு என்றது. 2006-இல் பார்சி குழு, மருந்தே எடுக்காத நோயாளிகளில் அது அதிகம் என்றது. அதே ஏற்பி, அதே தடங்காட்டி, நேர் எதிரான விடை. பொய் சொன்னவர் யாரும் இல்லை. தடங்காட்டி எதிலும் ஒட்டாமல் சும்மா மிதக்கும் அளவைக் கழிக்க மூளையின் ஒரு பகுதியை ஒப்பீட்டுக்கு எடுப்பார்கள், பெரும்பாலும் சிறுமூளை. அந்தப் பகுதியில் கொஞ்சம் ஏற்பி இருந்துவிட்டால் கணக்கே சாய்ந்துவிடும். ரத்தத்தை வைத்துக் கணக்கிட்டால் ஒரு விடை, சிறுமூளையை வைத்துக் கணக்கிட்டால் இன்னொரு விடை. இதற்கு மேல், முன்பு மருந்து எடுத்தவர்களா இல்லையா என்பது வேறு. இருபது வருடத்துக்கும் மேல் நிபுணர்கள் இதில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஒற்றைப் படத்தில் நீலத்தைத் தொட்டுக் காட்டி முடிவு சொல்பவர்கள் இந்தக் கதையை ஒரு தடவை படிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

டொரான்டோவில் ஜெஃப்ரி மேயர் குழு 2006-இல், சிகிச்சை எடுக்காத நோயாளிகளில் எம்ஏஓ-ஏ சராசரியாக 34 சதவீதம் அதிகம் என்று கண்டது. 2022-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு இன்னொரு வழியில் போனது. செரட்டோனினைக் கிளப்பிவிடும் மருந்தைக் கொடுத்து, அதற்கு முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஆரோக்கியமான 20 பேரில் செரட்டோனின் வெளிவந்து தடங்காட்டியைத் தள்ளியது தெரிந்தது. மனச்சோர்வு உள்ள 17 பேரில் அந்த அளவு தள்ளவில்லை. நல்ல ஆய்வு. ஆனால் பதினேழு பேர்தான், அதிலும் ஐந்து பேர் பார்கின்சன் நோயோடு சோர்வும் வந்தவர்கள். அதே 2022-இல், ஜூலையில், மான்கிரீஃப் குழு அதுவரை வந்த முக்கிய ஆய்வுகளை ஒன்றாகப் பார்த்து, குறைந்த செரட்டோனின்தான் காரணம் என்பதற்குச் சீரான ஆதாரம் இல்லை என்றது. செரட்டோனின் மட்டும் என்ற பேச்சும் பழையதாகிவிட்டது. காந்த ஒத்ததிர்வு நிறமாலை என்ற ஸ்கேன் முறையில் 1999-இலேயே காபா என்ற இன்னொரு நரம்புக்கடத்தியின் குறைவு தென்பட்டது. 2000-இல் கெட்டமின் என்ற மயக்க மருந்து மூன்று நாளுக்குள் சோர்வைத் தணித்ததைப் பார்த்த பிறகு கவனம் அது பாதிக்கும் குளுட்டமேட் என்ற நரம்புக்கடத்தியின் பக்கமும் போனது.

என் முடிவு இது: மனச்சோர்வில் செரட்டோனின் அமைப்பு சம்பந்தப்பட்டிருக்கிறது. 'குறைஞ்சிருக்கு' என்று ஒருவரைப் பார்த்துச் சொல்லும் அளவுக்கு அது எளிதாக இல்லை. ஆய்வுகள் சொல்வது கூட்டத்தின் சராசரியை. இதை அந்த அக்காவிடம் மீன் வைத்துச் சொன்னேன். இரண்டு போட்டில் வஞ்சிரம் வந்திறங்குகிறது. ஒரு போட்டு மீன் சராசரியாக அரைக் கிலோ கூட. ஏலத்தில் ஒற்றை மீனைத் தூக்கிக் காட்டி இது எந்த போட்டு மீன் என்று கேட்டால் சொல்ல முடியுமா? "எப்படிம்மா முடியும், ரெண்டுலயும் பெருசும் இருக்கும் சிறுசும் இருக்கும்" என்றார். அமெரிக்க மனநல மருத்துவ சங்கத்தின் நிபுணர் குழு 2018-இல், எந்த மனநோயையும் கண்டறிய மூளைப் படம் இன்னும் உதவாது என்று சொன்னதும் இதே காரணத்தால்தான்.

சர்க்கரைப் படத்துக்கு எதிர்காலம் இல்லை என்று சொல்ல மாட்டேன். 2013-இல் ஹெலன் மேபெர்க் குழு ஒன்றைக் கண்டது. வலது முன் இன்சுலா என்ற இடத்தில் சர்க்கரைச் செலவு குறைவாக இருந்தவர்கள் பேச்சு சிகிச்சையிலும், அதிகமாக இருந்தவர்கள் எஸ்சிட்டலோப்ராம் என்ற மாத்திரையிலும் நன்றாகத் தேறினார்கள். என்றைக்காவது மருந்தா பேச்சா என்று தேர்ந்தெடுக்க இது உதவலாம். இன்றைக்கு அப்படிச் செய்யும் நிலை இல்லை. இதையும் மகளிடம் சொன்னேன், அவள் செலவழித்த பணத்தைப் பற்றி வெட்கப்படக் கூடாது என்பதற்காகவும்.

அவருக்குத் தேவையான ஸ்கேன்

மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தேன். கொடுத்தது முப்பது. ஐந்து வாரத்துக்கு அப்புறமும் பதினேழு மிச்சம். மனம் ரொம்பக் கனக்கும் நாளில் மட்டும் எடுத்திருக்கிறார். அன்றைக்கு இரண்டாக. 'குறைஞ்சதை ஏத்தும்' என்று நான் சொன்னதை அவர் அப்படித்தான் புரிந்துகொண்டார், டேங்கில் டீசல் குறைந்தால் ஊற்றுகிற மாதிரி. அவர் மேல் தப்பே இல்லை.

இங்கேதான் பெட் ஸ்கேன் நிஜமாகவே கைகொடுத்தது. அவர் தலையில் எடுத்தது அல்ல. 2004-இல் மேயர் குழு, டிஏஎஸ்பி தடங்காட்டியை வைத்து ஐந்து மனச்சோர்வு மருந்துகளை வெவ்வேறு அளவில் எடுத்தவர்களை ஸ்கேன் செய்தது. செர்ட்ரலின் 50 மி.கி., சிட்டலோப்ராம் 20, ஃபுளுவாக்சடின் 20 என்று, வழக்கமாக வேலை செய்யும் குறைந்தபட்ச அளவு ஒவ்வொன்றிலும் செரட்டோனின் டிரான்ஸ்போர்ட்டர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் அடைபட்டிருந்தது. ஐந்து மருந்துக்கும் ஏறக்குறைய அதே எண். அதற்கு மேல் அளவைக் கூட்டினால் வளைகோடு படுத்துவிடுகிறது. மாத்திரை இரட்டிப்பானால்கூட அடைப்பு கொஞ்சம்தான் ஏறும்.

அந்த வளைகோட்டை ஸ்கேன் கவரின் பின்பக்கம் வரைந்தேன். நரம்பு செரட்டோனினை வெளியே விடுகிறது, டிரான்ஸ்போர்ட்டர் அதைத் தூக்கித் திரும்ப உள்ளே வைக்கிறது, மாத்திரை அந்த டிரான்ஸ்போர்ட்டரை அடைக்கிறது என்றேன். அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு வாரமும் ஐந்து வாரமும் கழித்து முதல் தடவையாகத் தானாக ஒரு கேள்வி கேட்டார்.

"கப்பல்ல இருந்து பொட்டி இறங்குது. யார்டுல நிக்குது. கிரேன் வந்து தூக்கினு பூடுது. கிரேனை நிறுத்திட்டா பொட்டி யார்டுலயே நிக்கும். அதானே?"

"அதேதான் அண்ணா."

"பத்து கிரேன்ல எட்டு ஒரு மாத்திரைலயே நின்னுபோச்சின்னா, ரெண்டு மாத்திரை போட்டு மிச்சம் ரெண்டை நிறுத்தி இன்னா ஆவப் போவுது?"

வகுப்பில் மாணவர்களுக்கு நான் அரை மணி நேரம் சொல்லும் விஷயம். மூன்று வரியில் முடித்துவிட்டார். அப்புறம் மற்றப் பாதியையும் பார்த்தோம்: செர்ட்ரலினின் அரை ஆயுள் சுமார் ஒரு நாள். நான்கு நாள் விட்டால் பெரும்பாலான கிரேன்கள் திரும்ப ஓட ஆரம்பித்துவிடும். தினமும் ஒன்று போட்டால்தான் எட்டும் நின்றபடி நிற்கும். டீசல் கணக்கு இதற்கு ஒத்துவராது.

கிரேன் முதல் நாளே நிற்கத் தொடங்கினால் மனம் மட்டும் ஏன் வாரக்கணக்கில் தாமதமாகத் தெளிகிறது என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. செரட்டோனின் நரம்புகளின் பிறப்பிடத்திலேயே 5-எச்டி1ஏ ஏற்பிகள் காவல் இருக்கின்றன; வெளியே செரட்டோனின் கூடியதும் 'போதும், குறை' என்று அவை அடக்கும். சில வாரத்தில் அவை மரத்துப்போன பிறகே ஓட்டம் சீராகிறது என்பது ஒரு விளக்கம். நரம்புகள் புதிய இணைப்புகளை உண்டாக்க நேரம் எடுக்கிறது என்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

நான் முதலில் சொன்ன வாக்கியம் தவறு என்று அவர்கள் மூவரிடமும் சொன்னேன். "உங்க மூளைல எதுவும் தீர்ந்து போகல. மூளை, தூக்கம், குடி, கடன், தனிமை எல்லாம் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு ஒரு இடத்துல மாட்டிக்கிச்சு. மாத்திரை அதுல ஒரு முடிச்சைத் தளர்த்தும். மத்ததை நாம சேர்ந்து அவிழ்க்கணும்" என்றேன். இப்போது எல்லாரிடமும் இப்படித்தான் சொல்கிறேன். கொஞ்சம் நீளம். பரவாயில்லை.

அண்ணன் விஷயத்தில் எனக்கு இன்னும் முழு நிம்மதி இல்லை. படத்தில் நீலத்தைப் பார்த்த அன்றைக்கே அவர் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். 'சோம்பேறி' என்ற சொல் அதோடு நின்றுவிட்டது. இரண்டு மாதம் கெஞ்சியும் மாறாதவரை ஒரு நிறம் மாற்றிவிட்டது. அந்த நிறத்துக்கு அவர் நினைத்த அர்த்தம் இல்லை என்று சொன்னால் பழையபடி ஆகிவிடுவாரோ என்று பயந்தேன். இருந்தாலும் வரச் சொல்லி உண்மையைச் சொன்னேன். "அப்போ வியாதி நிஜம்தானே?" என்றார். நிஜம் என்றேன். "அது போதும் டாக்டரம்மா" என்றார். படம் இல்லாமலே இதை அவர் நம்பும்படி நான் பேசியிருக்க வேண்டும்.

அதற்கப்புறம்

அக்டோபர் முதல் மாத்திரை தினமும் இரவு, மனைவி கையால். மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் படுக்கையில் புரளாமல் எழுந்து, மாவு அண்டாவைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று முடிவு செய்தோம். முதல் வாரம் அண்டாவை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். மூன்றாம் வாரம் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தார் என்று அக்கா சொன்னார். சூரியன் வரும்போது வெளியே இருப்பது, கூட நாலு பேர் பேசுவது, கை வேலை செய்வது: இதற்கெல்லாம் நடத்தைத் தூண்டல் சிகிச்சை என்று பெயர் வைத்திருக்கிறோம். குடி நின்றது நவம்பர் நடுவில். அந்த மாதக் கடைசியில் மதிப்பெண் 11.

டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். தெருவில் இடுப்பளவு தண்ணீர், மாத்திரை தீர்ந்துவிட்டது, பத்து நாள் கிடைக்கவில்லை. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததும் அதே மாதம்தான். மச்சானின் வலையெல்லாம் வீணாகி, அந்தக் குடும்பம் இவர்கள் வீட்டில் வந்து தங்கியது. தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கத்தில் பயங்கரக் கனவு என்று வந்தார். மதிப்பெண் 15. நோய் திரும்பியதா, மருந்து திடீரென்று நின்றதன் விளைவா, வெள்ளத்தின் பாரமா என்று அன்றைக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்றும் இருந்திருக்கும். மருந்தைத் திரும்பத் தொடங்கினோம். அதற்கப்புறம் வீட்டில் எப்போதும் இரண்டு வாரத்து மாத்திரை கூடுதலாக இருக்கிறது.

பிப்ரவரியில் பகல் டிரிப் மட்டும் ஓட்டத் தொடங்கினார். மார்ச்சில் மதிப்பெண் 6, மே மாதம் 4. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் அதே அளவில் மருந்தைத் தொடர வேண்டும் என்பதால் 50 மி.கி. அப்படியே நீடித்தது.

போன முறை வந்தபோது அவரே கேட்டார்: "மாத்திரைய நிறுத்தினா எட்டு கிரேனும் ஒரே நேரத்துல ஓட ஆரம்பிக்குமா? டிசம்பர்ல அதான் ஆச்சா?"

அதற்கும் அதே வளைகோட்டில் விடை இருக்கிறது. 2019-இல் ஹோரோவிட்ஸும் டெய்லரும் பெட் ஸ்கேன் தரவுகளை எடுத்து, மருந்தை எப்படிக் குறைப்பது என்று கணக்கிட்டார்கள். சிட்டலோப்ராம் 20 மி.கி.யில் 80 சதவீத அடைப்பு என்றால், 5 மி.கி. பக்கம் வந்தாலும் 60 சதவீதம் நிற்கிறது. அந்தக் கடைசி 5-லிருந்து பூஜ்ஜியத்துக்குப் போகும்போதுதான் மிச்சம் எல்லாம் ஒரேயடியாக அவிழ்கிறது. அதனால் பாதி, அப்புறம் நிறுத்து என்ற பழைய முறை அவருக்கு வேண்டாம். 50-லிருந்து 25-க்கு ஒரு மாதம், 25-லிருந்து பன்னிரண்டரைக்கு இன்னொரு மாதம், அதற்குக் கீழே ஒவ்வொரு படியும் சின்னதாக, உடம்பு எப்படி ஏற்கிறது என்று பார்த்துப் பார்த்து. மழைக்காலத்தில் தொடங்க வேண்டாம், பொங்கல் முடியட்டும் என்று அக்கா சொன்னார். சரி என்று கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டேன்.